மஞ்சள் சட்டைக்குப் பின்னால்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை ஆள் குறுக்கே இல்லாமல் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. விடுமுறை நாளில் எந்தக் கோணத்தில் நின்றாலும் யாராவது ஒருவர் வந்து நிற்பார். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் சுற்றுமதிலை ஒட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் அருமையாக வந்திருக்கிறது. அவர் மட்டும்தான் உறுத்தல். போனிலேயே இருக்கும் அழிப்பானை எடுத்து அவர்மேல் விரலால் தேய்க்கிறீர்கள். சில விநாடிகளில் ஆளைக் காணோம். அவர் நின்ற இடத்தில் மதில் தெரிகிறது. மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளில் ஒன்றுகூடத் தெரிகிறது.

யோசித்தால் இது விசித்திரம். அந்த நந்தியிலிருந்து புறப்பட்ட ஒளியை மஞ்சள் சட்டை மறித்துவிட்டது. கேமராவுக்குள் அது வந்து சேரவே இல்லை. படக்கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் மஞ்சள் நிறத்துக்கான எண்கள்தான் இருக்கும். அவற்றுக்கு அடியில் வேறு எதுவும் ஒளிந்திருக்காது. அப்படியானால் இந்த நந்தி எங்கிருந்து வந்தது?

மென்பொருள் அதை ஊகித்து வரைந்தது. அவர் விலகிய பிறகு நீங்களே போய்ப் பார்த்தால் அங்கே நந்தி இருக்கலாம், கடல்காற்று அரித்து மொழுக்கையாகிப்போன கல் இருக்கலாம், வெறும் இடைவெளி இருக்கலாம். ஒரே ஒரு படத்தை வைத்துப் பொருள்களை நீக்கும் எந்த மென்பொருளும், இலவசமானாலும் மாதச் சந்தா கேட்பதானாலும், ‘பின்னால் இருந்ததை’ மீட்டுத் தருவதில்லை. நாம் காசு கொடுப்பது ஊகத்தின் தரத்துக்குத்தான். அதனால் ‘எந்த ஆப் நல்லது, எது மலிவு’ என்று கேட்கும் முன், ‘என் படத்துக்கு எந்த வகை ஊகம் போதும்’ என்று கேட்டுக்கொள்வது லாபம். ஊகத்தில் நான்கு வகை உண்டு. எளியதிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்த்தால் விலை விஷயமும் தானாக விளங்கும்.

பட்டுப்புடவையில் எலி கடித்து ஓட்டை விழுந்தால் டார்னிங் கடைக்குக் கொண்டுபோவோம். குண்டூசித் தலையளவு ஓட்டை என்றால் கடைக்காரர் சுற்றியுள்ள இழைகளை அப்படியே நீட்டிப் பின்னி அடைத்துவிடுவார். முதல் வகை ஊகம் இதுதான். 2000-ஆம் ஆண்டில் மார்செலோ பெர்டால்மியோ, கில்லெர்மோ சபிரோ உள்ளிட்ட நால்வர் இதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு முன் அவர்கள் போய்ப் பேசியது மினியாபொலிஸ் கலைக்கூடத்தில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் கைவினைஞர்களிடம். சிதைந்த இடத்தின் விளிம்பில் வந்து முட்டும் கோடுகளை முதலில் உள்ளே நீட்டுவது, பிறகு இடையில் நிறம் நிரப்புவது என்பது அந்தக் கைவினைஞர்களின் வழக்கம். கணினி அதையே செய்தது. ஒரே அளவு வெளிச்சமுள்ள புள்ளிகளைச் சேர்த்தால் கிடைக்கும் கோட்டைச் சம ஒளிக்கோடு என்போம். ஓட்டையின் விளிம்பில் அறுந்து நிற்கும் சம ஒளிக்கோடுகளை, அவை வந்த திசையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஓடவிட்டார்கள். அடுத்த ஆண்டே இந்தக் குழுவில் இருவர் இன்னொருவரோடு சேர்ந்து, திரவங்கள் ஓடுவதை விவரிக்கும் சமன்பாடுகளையே இதற்குப் பயன்படுத்த முடியும் என்று காட்டினார்கள்.

இந்த ‘இட்டு நிரப்பல்’ முறை இன்று ஓப்பன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பில் கிடக்கிறது. யாரும் எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துக்கொள்ளலாம். தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்தில் விழுந்த கீறல், பூஞ்சைப் புள்ளி, வானத்தின் குறுக்கே போகும் மின்கம்பி, படத்தின்மேல் அச்சான தேதி, இவற்றுக்கெல்லாம் இது போதும். அகலமான பொருளுக்கு உதவாது. இழையை எவ்வளவு தூரம்தான் நீட்ட முடியும்? மஞ்சள் சட்டைக்காரரை இப்படி அடைத்தால் அங்கே புகைமூட்டம்போல ஒரு கறை நிற்கும். காரணம், நீட்டுவது நிறத்தை மட்டுமே. கல்லின் சொரசொரப்பு, புல்லின் நுனி, மணலின் பொடி இவற்றை அது அறியாது.

ஓட்டை பெரிதென்றால் டார்னிங் கடைக்காரர் வேறு வேலை செய்வார். முந்தானை மடிப்பிலோ உள்பக்கக் கொசுவத்திலோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதே துணியைக் கொஞ்சம் வெட்டி எடுத்து, சரிகை சரிகையோடு சேரும்படி பொருத்துவார். இரண்டாம் வகை ஊகம் இப்படிப்பட்டது. 1999-இல் அலெக்சி எஃப்ரோஸும் தாமஸ் லெங்கும் பெர்க்லியில் இதன் அடிப்படையை வகுத்தார்கள். நிரப்ப வேண்டிய ஒரு பிக்சலை எடுத்துக்கொள். அதைச் சுற்றி ஏற்கெனவே தெரிந்திருப்பதைப் பார். அதே சுற்றுப்புறம் படத்தில் வேறு எங்கு இருக்கிறது என்று தேடு. அங்கே நடுவில் இருப்பதைக் கொண்டுவந்து இங்கே வை. அவ்வளவுதான் யோசனை. எளிமை என்றாலும் மணலும் செங்கல்லும் புல்தரையும் அச்சு அசலாக வளர்ந்தன.

எந்த இடத்தை முதலில் நிரப்புவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓட்டையைச் சுற்றிலும் சமமாக விளிம்பிலிருந்து உள்ளே வந்தால், மதிலின் மேல்விளிம்பு போன்ற நேர்கோடு பாதியில் வளைந்து நெளிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தின் கிரிமினிசி, பெரஸ், டோயாமா மூவரும் 2003-இல் இதைச் சரிசெய்தார்கள்: அழுத்தமான கோடு எங்கே வந்து முட்டுகிறதோ அந்த இடத்துக்கு முதல் உரிமை. கோடுகள் முதலில் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும், மற்றதெல்லாம் பிறகு.

தேடல்தான் பெரும் பாரமாக இருந்தது. 12 மெகாபிக்சல் படம் என்றால் 1.2 கோடி பிக்சல்கள். மஞ்சள் சட்டைக்காரர் அதில் ஒரு லட்சம் பிக்சலை அடைத்துக்கொண்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் படம் முழுவதையும் துழாவ 1.2 லட்சம் கோடி ஒப்பீடுகள். 2009-இல் கானலி பார்ன்ஸும் தோழர்களும் வெளியிட்ட ‘பேட்ச்மேட்ச்’ முறை இதை ஏறக்குறைய குலுக்கல் சீட்டால் தீர்த்தது. ஒவ்வோர் இடத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை ஒதுக்கு. பெரும்பாலானவை பொருந்தாது. ஆனால் ஒரு லட்சம் குலுக்கலில் சில தற்செயலாகப் பொருந்திவிடும். பொருந்தியது தன் பக்கத்துப் பிக்சலுக்கு, ‘எனக்கு இங்கிருந்து கிடைத்தது, உனக்கும் அதை ஒட்டியே கிடைக்கும், பார்’ என்று சொல்லிக்கொடுக்கும். படத்தில் அடுத்தடுத்த இடங்கள் பெரும்பாலும் ஒரே பரப்பைச் சேர்ந்தவை என்பதால் சில சுற்றுகளிலேயே நல்ல துண்டுகள் எங்கும் பரவிவிடுகின்றன. 2010-இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்5-இல் வந்து எல்லாரையும் வாய்பிளக்க வைத்த ‘கன்டென்ட் அவேர் ஃபில்’ இந்த முறையில் ஓடியது. ஆனால் கிம்ப் என்ற இலவச மென்பொருளுக்கு ‘ரீசின்தசைசர்’ என்ற இணைப்பை ஆஸ்திரேலியாவின் பால் ஹாரிசன் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். காசில்லாமல், கொஞ்சம் மெதுவாக, கிட்டத்தட்ட அதே வேலையை அது இன்றும் செய்கிறது.

இந்த முறையின் சாயம் எங்கே வெளுக்கும் என்று பார்க்க நம் நந்திகளையே பெரிதாக்கிப் பாருங்கள். உப்புக்காற்று ஒவ்வொரு நந்தியையும் ஒவ்வொரு விதமாக அரித்திருக்கிறது. ஒன்றுக்கு மூக்கு மழுங்கல், ஒன்றுக்குத் திமிலில் பள்ளம். புதிதாக முளைத்த நந்திக்கும் இரண்டு நந்தி தள்ளிப் படுத்திருப்பதற்கும் ஒரே இடத்தில் ஒரே வடிவப் பள்ளம் இருந்தால் அது நகல். படமோசடியைக் கண்டுபிடிக்கும் நிபுணர்கள் தேடும் முதல் தடயங்களில் இதுவும் ஒன்று. ஒரே படத்துக்குள் தேவைக்கு மேல் ஒத்துப்போகும் இரண்டு துண்டுகளைக் கணினியே தேடிப் பிடிக்கும் முறைகள் 2003 முதலே உண்டு.

மடிப்பிலும் அந்தத் துணி இல்லையென்றால்? மஞ்சள் சட்டைக்காரர் பின்னால் மறைந்திருப்பது உங்கள் அத்தையின் பாதி முகம் என்றால்? படத்தின் வேறெந்த மூலையிலும் அத்தையின் இன்னொரு கன்னம் கிடைக்காது. மூன்றாம் வகை ஊகம் இங்கேதான் தேவைப்பட்டது: வேறு புடவைகளையும் பார்த்திருக்க வேண்டும். 2007-இல் ஜேம்ஸ் ஹேஸும் எஃப்ரோஸும் இணையத்திலிருந்து 23 லட்சம் புகைப்படங்களைத் திரட்டி, ஓட்டை விழுந்த படத்தைப் போன்ற காட்சியை அவற்றில் தேடி, பொருத்தமான பகுதியை வெட்டி ஒட்டினார்கள். முதலில் பத்தாயிரம் படங்களோடு முயன்றபோது விளைவு படுமோசம். இருபது லட்சத்தைத் தாண்டியதும் அதே முறை சட்டென்று வேலை செய்ய ஆரம்பித்தது. முறையை மாற்றவில்லை, சரக்கைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த பத்தாண்டில் செயற்கை நுண்ணறிவில் நடந்ததற்கெல்லாம் இது முன்னோட்டம் என்பது என் எண்ணம்.

அடுத்த படியில் படங்களைச் சேமித்து வைப்பதை விட்டுவிட்டு, அவற்றிலிருந்து பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் நரம்பணு வலைகள் வந்தன. 2016-இல் பெர்க்லியில் தீபக் பாதக்கும் குழுவினரும் செய்த பயிற்சி எளிதாகச் சொல்லக்கூடியது. முழுப் படத்தில் வேண்டுமென்றே ஓட்டை போடு; வலையை நிரப்பச் சொல்; அசலோடு ஒப்பிட்டுத் தவறுக்கேற்பத் திருத்து. இதில் எதிர்பாராத ஒரு வம்பு. ஓட்டைக்குள் சிவப்புப் பூவும் இருந்திருக்கலாம், மஞ்சள் பூவும் இருந்திருக்கலாம் என்றால், தவறைக் குறைக்க நினைக்கும் வலை இரண்டுக்கும் நடுவே ஒரு மங்கலான ஆரஞ்சுப் பூச்சைப் பூசிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது. எல்லா விடைகளுக்கும் பொதுவாகப் பக்கத்தில் நிற்பது பாதுகாப்பு அல்லவா! இதை முறியடிக்க இரண்டாவது வலை ஒன்றைக் காவலுக்கு வைத்தார்கள். ‘இது நிஜப் படமா, நிரப்பியதா’ என்று கண்டுபிடிப்பது மட்டுமே அதன் வேலை. காவல்காரரை ஏமாற்ற வேண்டுமென்றால் முதல் வலை ஏதாவது ஒரு பூவைத் துணிந்து வரைந்தே ஆக வேண்டும்.

இங்கே, எது நல்ல ஊகம் என்று எப்படி அறிகிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. நாமே போட்ட ஓட்டை என்பதால் அசல் கையில் உண்டு. ஆனால் அசலோடு பிக்சலுக்குப் பிக்சல் ஒத்துப்போவதை அளந்தால் மங்கல் பூச்சுக்கே முதல் மதிப்பெண் கிடைக்கும். புல்லின் ஒவ்வொரு நுனியும் அசல் போலவே சாய்ந்திருக்க வேண்டியதில்லை. புல்லாகத் தெரிந்தால் போதும். அதனால் மனிதர்களிடம் காட்டி ‘நிஜமா, போலியா’ என்று கேட்பதும், மனிதர் பார்வைக்கு நெருக்கமான அளவுகோல்களை வைத்து மதிப்பிடுவதும் வழக்கமாயிற்று. மென்பொருள் விளம்பரங்களில் வரும் ‘முன்–பின்’ படங்களை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அவை எல்லாம் நம்பும்படி இருக்கின்றன என்பதற்குச் சான்று. சரியாக இருக்கின்றன என்பதற்கு அல்ல.

இந்த மூன்றாம் வகையில் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை ‘லாமா’. மாஸ்கோவில் சாம்சங் ஆய்வுக்கூடத்தில் ரோமன் சுவோரவும் குழுவினரும் 2021-இல் வெளியிட்டது. சாதாரண வலை படத்தைச் சிறுசிறு சன்னல் வழியாகப் பார்க்கும். பெரிய ஓட்டையின் நடுவே நின்றால் அதற்குக் கரையே தெரியாது. லாமா படத்தைத் திரும்பத் திரும்ப வரும் அலைவடிவங்களாகப் பிரித்துப் பார்ப்பதால் முதல் படியிலேயே முழுப் படமும் அதன் கண்ணில் படுகிறது. சன்னல் கம்பி, வேலி, படிக்கட்டு, ஓட்டு வரிசை என்று அடுக்கடுக்காக வருவதையெல்லாம் அழகாகத் தொடர்ந்துவிடும். கோப்பு சுமார் 200 எம்பிதான். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத பழைய கணினியிலும் ஓடும். ‘ஐஓபெயின்ட்’ என்ற இலவச மென்பொருள் வழியாக வீட்டிலேயே நிறுவிக்கொள்ளலாம். நிறுவும்போது சில வரி கட்டளை தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் கூப்பிடுங்கள்.

நான்காம் வகை, 2022-இல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் மென்பொருள் வெளியானதும் பரவியது. ஓட்டையை இரைச்சல் புள்ளிகளால் நிரப்பிவிட்டு, அந்த இரைச்சலைப் படிப்படியாகத் துடைத்துத் துடைத்து உருவத்தை வரவழைக்கும் விரவல் முறை. கடையில் துணி கிடைக்காதபோது தறியில் புதிதாகவே நெய்து தருவது என்று சொல்லலாம். பாதி முகத்தையும் முடித்துத் தரும், கையையும் வரையும், ஜன்னலுக்கு வெளியே மரமும் நடும். இதன் கோளாறும் அங்கேயே இருக்கிறது. மஞ்சள் சட்டைக்காரரை நீக்கச் சொன்னால் சில சமயம் அவர் இடத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆள் உயர ஓட்டையும் காலடியில் ஒரு நிழலும் இருந்தால், அது பார்த்த கோடிக்கணக்கான படங்களில் அங்கே ஆள்தானே இருந்திருக்கிறார்! அதனால் நிழலையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். சட்டை விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளியும் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் கசிந்திருக்கும் மஞ்சளை வைத்து இன்னொரு மஞ்சளை அது கற்பனை செய்துகொள்ளும். இந்த இரண்டு பழக்கமும் எந்த வகை மென்பொருளுக்கும் உதவும்.

இப்போது விலைக்கு வருவோம். முதல் மூன்று வகைகளும் பெரும்பாலும் உங்கள் போனிலோ கணினியிலோ ஒரு நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கம்பெனிக்குப் பைசா செலவில்லை. விரவல் முறை பெரும்பாலும் எங்கோ இருக்கும் சர்வரில், விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் சில்லுகளில், ஒரே படத்தை இருபது முப்பது தடவை வலைக்குள் ஓட்டுகிறது. மாதத்துக்கு இத்தனை படம், இத்தனை ‘கிரெடிட்’ என்று கணக்கு வைப்பதற்கு இதில் நியாயம் உண்டு. நியாயம் இல்லாதது, இரண்டாம் மூன்றாம் வகை வேலையை மட்டும் செய்துவிட்டு வாராவாரம் சந்தா கேட்பது. மூன்று நாள் இலவசம் என்று சொல்லி அட்டை எண்ணை வாங்கி, நான்காம் நாள் பணம் எடுக்கும் செயலிகளை நான் தொடமாட்டேன். போன் விமான நிலையில் இருக்கும்போதும் செயலி வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால், அழிப்பு உங்கள் கையிலுள்ள கருவியிலேயே நடக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தையின் படம் யாருடைய சர்வருக்கும் போகவில்லை என்ற நிம்மதியும் சேர்த்துக் கிடைக்கும்.

கூகுளின் மேஜிக் இரேசர் 2021-இல் பிக்சல் 6 போனுக்கு மட்டும் என்று வந்தது. பிறகு காசு கட்டுவோருக்கு. 2024 மே முதல் கூகுள் ஃபோட்டோஸ் வைத்திருக்கும் எல்லாருக்கும் இலவசம். சாம்சங் போன்கள் பலவற்றில் கேலரிக்குள்ளேயே அழிப்பான் இருக்கிறது. புதிய ஐபோன்களில் 2024 அக்டோபரிலிருந்து ‘க்ளீன் அப்’ வந்துவிட்டது. ஸ்னாப்சீடின் ‘ஹீலிங்’ கருவி சின்னப் பருவுக்கும் புள்ளிக்கும் போதும். ஃபோட்டோபியா என்ற தளத்தில், விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால், ஃபோட்டோஷாப் பாணியிலேயே வேலை பார்க்கலாம். வீட்டுப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வரிசைக்கு மேல் போகத் தேவை இருக்காது. திருமண ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கும் விளம்பர வேலை செய்பவருக்கும் சந்தா கட்டுபடியாகும். எதற்கும் பணம் கட்டும் முன், விளம்பரப் படத்தை நம்பாமல், உங்களிடம் உள்ளதிலேயே கஷ்டமான ஒரு படத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

பார்க்கும்போது போன் திரையில் பார்த்து ஏமாறக் கூடாது. முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். இரவில் எடுத்த படமென்றால் எங்கும் பொடிப்பொடியாக ஒரு கரகரப்பு இருக்கும். விரவல் முறை பல சமயம் நிரப்பும் பகுதியைச் சிறிய அளவில் வரைந்து இழுத்துப் பெரிதாக்குகிறது. ஃபோட்டோஷாப்பில் 2023-இல் முதலில் வந்தபோது அந்த வரம்பு 1024 பிக்சல்தான். அதனால் நிரப்பிய இடம் மட்டும் வெண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாகத் தெரியும். துண்டெடுத்து ஒட்டும் பழைய முறையோ கரகரப்பையும் சேர்த்தே எடுத்து வருகிறது. சுவரில் மாட்டப் பெரிதாக அச்சிடும் படத்துக்கு, மணலும் கல்லும் மட்டுமே பின்னணி என்றால், கிம்ப்பும் ரீசின்தசைசரும் விலையுயர்ந்த சந்தாவை வென்றுவிடக்கூடும்.

ஊகம் எங்கே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2014 ஜனவரியில் ஏபி செய்தி நிறுவனம் புகைப்படக்காரர் ஒருவரோடு உறவைத் துண்டித்துக்கொண்டது. சிரியா போர்க்களத்தில் அவர் எடுத்த படத்தின் ஒரு மூலையில் சக பத்திரிகையாளரின் வீடியோ கேமரா தரையில் கிடந்தது. அதை அழித்துவிட்டு அந்த இடத்தை மண்ணால் நிரப்பியிருந்தார். செய்தியின் பொருள் மாறவே இல்லை. அவருடைய மற்றப் படங்கள் ஏறக்குறைய ஐந்நூறைச் சோதித்ததில் வேறெதிலும் குறை இல்லை. ஆனாலும் அந்த மூலையில் இருந்த மண், கேமரா பார்த்த மண் அல்ல. விபத்துக் காப்பீட்டுக்கு அனுப்பும் படத்திலும் நிலத்தகராறில் காட்டும் படத்திலும் குப்பையைக்கூட அழிக்காதீர்கள்.

ஊகமே இல்லாமல் ஆளை நீக்கவும் ஒரு வழி இருக்கிறது. அதற்குச் செலவும் இல்லை. 1838-இல் புகைப்படக் கலை முன்னோடி டாகேர் பாரீஸின் பூல்வார் து தாம்ப்ளு தெருவைப் படமெடுத்தார். வண்டியும் ஆளுமாக நெரியும் தெரு. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளிபதியச் சில நிமிடங்கள் பிடித்ததால் நகர்ந்தவர்கள் யாரும் தட்டில் தங்கவில்லை. இதையே நாம் எண்களால் செய்யலாம். போனைச் சுவரிலோ முக்காலியிலோ அசையாமல் வைத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு ஐந்து படம் எடுங்கள். மதிலில் ஒரு பிக்சலின் வெளிச்சம் ஐந்து படங்களிலும் 118, 121, 210, 119, 120 என்று வருகிறதென்றால், அந்த 210 மஞ்சள் சட்டை கடந்துபோன நேரம். சராசரி எடுத்தால் 137.6, படத்தில் மஞ்சள் ஆவி ஒன்று நிற்கும். வரிசைப்படுத்தி நடுவில் உள்ள இடைநிலை அளவை எடுத்தால் 120. அது கேமரா உண்மையில் பார்த்த கல். கிம்ப்பில் ஜிமிக் என்ற இலவச இணைப்பைச் சேர்த்தால், ஐந்து படங்களையும் அடுக்குகளாக வைத்து இந்தக் கணக்கை எல்லாப் பிக்சலுக்கும் அதுவே போட்டுத்தரும்.

ஒரு நிபந்தனை: ஒவ்வோர் இடமும் ஐந்தில் மூன்று படங்களிலாவது காலியாக இருக்க வேண்டும். டாகேரின் படத்திலும் ஒருவர் தப்பி நிற்கிறார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றவர். உங்கள் மஞ்சள் சட்டைக்காரரும் போன் பேச்சை முடிப்பதாகத் தெரியவில்லை என்றால், அருகில் போய், ‘சார், ஒரு நிமிஷம் தள்ளி நிக்கிறீங்களா?’ என்று கேட்டுப் பார்க்கலாம்.